சீமாட்டியின் கண்ணும் ட்ரஸ்காட்டின் காதும்

கேன்டீனில் ட்ரஸ்காட் உட்காருவது எப்போதும் மேசையின் இடது ஓரத்தில்தான். அப்போதுதான் பேசுகிறவர்கள் எல்லோரும் வலது பக்கம் வருவார்கள். வலது காது கொஞ்சம் தேவலை. யாராவது முந்திக்கொண்டு அந்த இடத்தைப் பிடித்துவிட்டால், தட்டைக் கையில் ஏந்திச் சுவரோரம் நின்றபடியே சாசேஜையும் அவரையையும் தின்று முடிப்பார். கேட்டால் முதுகு வலி என்பார். அதுவும் பொய்யில்லை.

நெவில் ட்ரஸ்காட் கார்ன்வால்காரர். செம்பட்டை மீசை, அடிபட்ட குத்துச்சண்டைக்காரன் மூக்கு, நிதானமான நடை. பாதி ஆயுளை வில்ட்ஷர் சமவெளியின் ஓரத்தில் உள்ள ராணுவ முகாமில் கழித்துவிட்டார். வேவுப் படையில் சார்ஜென்ட்; கீழே உள்ளவர்களுக்கு 'சார்ஜ்'. எதிராளி எங்கே இருக்கிறான் என்பதை அவனுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான் வேலை. பழைய வண்டியின் காலத்தில் வேலி மறைவில் எஞ்சினை அணைத்துவிட்டு, தலையை வெளியே நீட்டி, காற்றில் வரும் சத்தத்தை வைத்தே "மூணு லாரி, ஒண்ணுல கியர் சரியில்ல" என்று சொல்லக்கூடியவர் என்று அவருக்குப் பெயர் இருந்தது.

இப்போது காதில் விழாத எதற்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "அதுவும் சரிதான்." பெரும்பாலும் அது பொருந்திவிடும். அதிகாரிகள் அவரைப் பக்குவமான மனிதர் என்று நினைத்தார்கள். ஒருநாள் மனைவி பெவர்லி சமையலறையிலிருந்து, பூனையை வண்டி அடித்துவிட்டது என்று அழுகிற குரலில் சொன்னாள். ட்ரஸ்காட் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் "அதுவும் சரிதான்" என்றார். அவள் வந்து எதிரே நின்று வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அன்று முதல் எது சொல்வதானாலும் முதலில் அவர் தோளைத் தொட்டுவிட்டுத்தான் சொல்கிறாள்.

புதிய வண்டிக்குக் கம்பெனி வைத்த பெயர் வேறு. படையினர் அதைச் சீமாட்டி என்பார்கள். சங்கிலிச் சக்கரத்தில் ஓடும் அந்தக் கவச வண்டியின் எடை ஏழெட்டு யானைகளின் எடை. விலை ஏறக்குறைய ஒரு கோடி பவுண்டு. ட்ரஸ்காட் உண்மையிலேயே அதன்மேல் பிரியமாக இருந்தார். அதன் வெப்பக் கேமராவில் சமவெளியின் மறுகோடியில் முயல் ஒன்று காதைச் சொறிவது தெரியும். கும்மிருட்டிலும் புகையிலும் மனிதனையும் மாட்டையும் பிரித்துக் காட்டும். ஓடிக்கொண்டே சுட்டாலும் பீரங்கியின் குறி பிசகாது. கண்டதையெல்லாம் படமாக்கி, பின்னால் இருக்கும் படைக்கு நொடியில் அனுப்பிவிடும்.

ஆனால் வேகம் கூடினால் வண்டி முழுவதும் அதிரும். திரையில் எழுத்தும் படமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பற்கள் தாமாக மோதும். ஹெட்செட்டுக்குள் எஞ்சினின் அலறலும் சக்கரத்தின் அரைப்பும் சேர்ந்து மண்டைக்குள் இறங்கும். சாயங்காலம் இறங்கிய பிறகும் காலடியில் நிலம் ஓடிக்கொண்டே இருப்பது போலிருக்கும். படுக்கையில் கூட அவர் கால் நடுங்குவதாகப் பெவர்லி சொன்னாள். ட்ரஸ்காட் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, அதன்மேல் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். புது வண்டி, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று கீழே உள்ளவர்களுக்கும் சொன்னார்.

அவருடைய டிரைவர் வைசாகே, ஃபிஜித் தீவுக்காரன். ரக்பி ஆடிய உடம்பு. டிரைவர் குழிக்குள் அவன் இறங்குவதே ஒரு வேடிக்கை. குறை என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சில ஆண்டுகள் படையில் முழுதாக ஓட்டினால்தான் அவனுக்கும் மனைவி லிதியாவுக்கும் குழந்தைக்கும் இங்கிலாந்தில் நிரந்தரமாகத் தங்க உரிமை. உடம்பு சரியில்லை என்று இடையில் அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவனுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை.

வசந்தத்தில் பெரிய மனிதர்கள் சீமாட்டியைப் பார்க்க வந்தார்கள். கடன் வாங்கிய பூட்ஸில் வந்திருந்த ஓர் அம்மாள் ட்ரஸ்காட்டின் வலது பக்கம் நின்று, உள்ளே வசதியாக இருக்கிறதா என்று கேட்டாள்.

"பார்வை பிரமாதமா இருக்கு மேடம்" என்றார் ட்ரஸ்காட். அவள் சிரித்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

வண்டி மேடேறியது, பள்ளத்தில் பாய்ந்தது, ஓடிக்கொண்டே சுட்டது. எல்லாம் நன்றாகவே நடந்தது. திரும்பி வந்து இடத்தில் நிறுத்த, பின்பக்கமாக எடுத்தார்கள். அப்போது படம் எடுக்க வந்த ஒருவன், கயிற்றைத் தாண்டிச் சரியாக வண்டியின் பின்னால் வந்து கேமரா முக்காலியை நட்டான். மைதானத்துக் காவலர் வயர்லெஸ்ஸில் நிறுத்தச் சொன்னார். மறுபடி சொன்னார். ட்ரஸ்காட்டின் காதில் ஏதோ கரகரப்பு விழுந்தது. இடம் இருக்கிறது, வா என்கிறார்கள் என்று நினைத்து, வைசாகேயிடம் "சரிதான், வா, வா" என்றார்.

பின் கேமராவில் ஏதோ அசைந்ததை வைசாகே கடைசியில் பார்த்தான். பார்த்தும் கை உடனே வேலை செய்யவில்லை. வண்டி நின்றபோது முக்காலி சக்கரத்தின் அடியில் கம்பிச் சுருளாகக் கிடந்தது. படக்காரன் புல்லில் மல்லாந்து கிடந்தான். பிறகு எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். அரசாங்கம் புது முக்காலி வாங்கித் தரும் என்று யாரோ சொன்னார்கள்.

ட்ரஸ்காட் இறங்கவில்லை. பீரங்கிக் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

அன்று மாலை வைசாகேயின் குவார்ட்டர்ஸுக்குப் போனார். லிதியா மரவள்ளிக் கிழங்கும் மீனும் வைத்துச் சாப்பிடச் சொன்னாள். வைசாகே முள்கரண்டியை முஷ்டிக்குள் வைத்துப் பிடித்திருந்தான், சின்னக் குழந்தை பிடிப்பது போல. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதும் ட்ரஸ்காட் கேட்டார்.

"கை எத்தனை நாளா இப்படி இருக்கு?"

வைசாகே தட்டைப் பார்த்தான். "உங்க காது எத்தனை நாளா சார்ஜ்?"

இது நன்றாகவே காதில் விழுந்தது. ட்ரஸ்காட் மீன் முள் ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"எல்லாருக்கும் தெரியும் சார்ஜ். நீங்க டாக்டர்கிட்ட போவீங்கன்னு பார்த்தோம். நீங்க போகல. சரி, இது தாங்கிக்கிற விஷயம்தான் போலன்னு நாங்களும் இருந்துட்டோம்" என்றான் வைசாகே. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் ட்ரஸ்காட்டுக்குத் தாங்கவில்லை. கிழங்கு முழுவதையும் தின்றுவிட்டு, லிதியாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, காரை எடுக்காமல் நடந்தே வீட்டுக்குப் போனார்.

காதுச் சோதனை அறையில் நாற்காலி கண்ணாடி ஜன்னலைப் பார்த்து இருக்கும். அந்தப் பக்கம் நர்ஸ் ஒலி எழுப்பப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அவளுடைய முழங்கை லேசாக உயரும். இதுவரை வருடாந்தரச் சோதனைகளில் ட்ரஸ்காட், கேட்டதாகக் கை தூக்கித் தேறியது அந்த முழங்கையைப் பார்த்துத்தான். வேவுக்காரரின் கண். இந்த முறை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்களை மூடினார். எதுவும் கேட்கவில்லை. சற்றுக் கழித்து நர்ஸ் வந்து தோளைத் தொட்டு, சோதனை முடிந்துவிட்டது என்றாள். இன்னும் தொடங்கவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார்: முழங்கையை, அதிர்வை, முக்காலியை, பொறுத்துக்கொள்ளும்படி தானே மற்றவர்களுக்குச் சொன்னதை. அடுத்த வாரம் அந்த அறையின் வெளியே வரிசை நின்றது. மாதத்துக்குள் சீமாட்டிகளை ஓட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. செய்தித்தாள்கள் விலையைப் பெரிய எழுத்தில் போட்டன. அதிர்வு அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, இருந்தாலும் இருக்கையை மாற்றித் தருகிறோம் என்றது கம்பெனி. ட்ரஸ்காட்டை உடுப்புக் கிடங்குக்கு மாற்றினார்கள். காலுறையும் கம்பளிச் சட்டையும் எடுத்துக் கொடுக்கிறார். சீமாட்டியை யாராவது திட்டினால் இன்றும் அவருக்குப் பிடிக்காது. "அந்த மாதிரி ஒரு கண்ண நான் பார்த்ததில்ல. அதச் சொல்லிட்டு அப்புறம் திட்டு" என்பார்.

வைசாகேயை மருத்துவக் குழு கூப்பிட்டிருந்த அன்று, கிடங்கைப் பூட்டிவிட்டு ட்ரஸ்காட்டும் கூடப் போனார். படையில் வைத்துக்கொள்வார்களா, ஊருக்கு அனுப்புவார்களா என்பது அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது. லிதியா குழந்தையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வைசாகே முழு உடுப்பில் நின்றான். மேல்சட்டையின் பித்தளைப் பொத்தான்களோடு மல்லாடிக்கொண்டிருந்தான். விரலுக்கு அவை அகப்படவில்லை. உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ட்ரஸ்காட் அவன் கைகளை மெதுவாக விலக்கினார். தாமே முன்னால் குனிந்து கீழ்ப் பொத்தானைப் பிடித்தார். அவருடைய விரல்களுக்கும் அது சரியாகத் தட்டுப்படவில்லை. இரண்டு முறை நழுவியது. உள்ளேயிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். அவர் நிமிரவில்லை. நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, அந்தப் பொத்தானைத் துளைக்குள் தள்ளிவிட்டு, அடுத்ததற்குப் போனார்.