வரவேற்புக் கூட்டமும் வடகவுஞ்சி பஸ்ஸும்

தமிழ்த் தட்டச்சுச் செயலி ஒன்றை நாங்கள் சிலர் சம்பளமில்லாமல் எழுதி வருகிறோம். யார் வேண்டுமானாலும் சேர்ந்து திருத்தலாம். புதியவர்களை வரவேற்கக் கொடைக்கானலில் கூட்டம் போட்டோம். வந்த புதியவர் வடகவுஞ்சியைச் சேர்ந்த ஒரு பெண் மட்டுமே. பழைய ஆட்கள் முதலில் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது எங்கள் வழக்கம். எனக்கு முன் பேசியவர் தன் பிறப்பிலிருந்து தொடங்கினார். நான் என் தாத்தாவிலிருந்து தொடங்கினேன்.

பாதியில் அந்தப் பெண் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“கடைசி பஸ்ஸு போயிரும்ண்ணே, வாரேன்.”

“உங்களப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா,” என்றேன்.

“ஒரு பிழையத் திருத்திக் காட்டத்தாங்க வெள்ளனேயே வந்தேன். நீங்க இன்னும் காலேஜுக்கே போகலையே!”

எல்லோரும் சிரித்தோம். அவர் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

அந்தப் பிழை செயலியில் இன்னும் அப்படியே கிடக்கிறது. எந்தப் பிழை என்றுதான் தெரியவில்லை.