கறுப்புப் பக்கத்துக்கு உண்மை நகல்

ஆஸ்திரேலியாவில், ஹோம்புஷில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருக்கும் தம்பி இலங்கையிலிருந்து படகில் வந்தவர். நான் சென்னையிலிருந்து ஐ.டி. வேலைக்கு விமானத்தில் வந்தவள். என் பெட்டியில் துணிகளைவிட அதிகம் இருந்தவை அட்டெஸ்ட் செய்த சான்றிதழ் நகல்கள். அவற்றை இங்கே யாரும் கேட்கவே இல்லை. அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தம்பிக்கு விசா மறுத்துக் கடிதம் வந்திருந்தது. முதல் நேர்காணலில் சகோதரர் யாரும் இல்லை என்றவர், இப்போது அண்ணன் காணாமல் போனதாகச் சொல்கிறார், ஆகவே நம்ப முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள்.

"நான் சொன்னனான் அக்கா. அண்ணாவைக் கொண்டு போனதைத்தான் முதல்லயே சொன்னனான்," என்றார். நாலைந்து தடவை சொல்லியிருப்பார். மேல்முறையீடு விசாரணைக்கு வருவதற்குள் அந்த நேர்காணல் பதிவு கையில் கிடைத்தாக வேண்டும். தகவல் அறியும் சட்டத்தில் அவருடைய கோப்பைக் கேட்டு மனு எழுதிக் கொடுத்தது நான்தான்.

பல மாதம் கழித்துத் தடித்த கட்டு ஒன்று தபாலில் வந்தது. பிரித்தால் பெரும்பாலும் கறுப்புக் கட்டங்கள். நேர்காணல் பக்கத்தில் கேள்வி கறுப்பு, பதில் கறுப்பு. நடுவில் ஒரே ஒரு வரியை மட்டும் தப்ப விட்டிருந்தார்கள்: 'விண்ணப்பதாரருக்குத் தண்ணீர் வழங்கப்பட்டது.'

"தண்ணி தந்தவங்கள்தான்," என்றார் தம்பி. அதையாவது மறுக்காமல் ஒத்துக்கொண்டார்களே என்று நினைத்துக்கொண்டேன். மறைத்ததற்குக் காரணமும் இணைத்திருந்தார்கள். மூன்றாம் நபர் ஒருவரின் தனிப்பட்ட விவரமாம். தம்பியின் வாயால் தம்பி சொன்னதைத் தம்பிக்கே காட்ட மாட்டார்களாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்று சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

அந்த வாரமே, அரசாங்கம் தகவல் தருகிற லட்சணத்தை நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரிப்பதாகவும் பொதுமக்கள் எழுதலாம் என்றும் இணையத்தில் பார்த்தேன். எழுதிவிட வேண்டியதுதான். ஆனால் நாடாளுமன்றத்துக்கு வெறும் நகலையா அனுப்புவது? ஊரில் ஒரு சிலிண்டர் இணைப்புக்கே பச்சை மைக் கையெழுத்து வாங்கியவள் நான். "ஒவ்வொரு பக்கமும் அட்டெஸ்ட் பண்ணணும்," என்று சொல்லிவிட்டேன்.

"கறுப்புப் பக்கங்களுமா அக்கா?"

"அதுதானே முக்கியம்."

லைப்ரரியில் நகலெடுக்கும்போதே மெஷினில் மை தீர்ந்துவிட்டது. பின்னால் நின்ற மாணவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அதே லைப்ரரியில் சனிக்கிழமைகளில் ஜே.பி. எனப்படும் சமாதான நீதவான் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். மூலத்தையும் நகலையும் பார்த்து, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தித் தருகிற கௌரவ வேலை. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற கணக்காளர். எல்லோருக்கும் அவர் அங்கிள். கட்டைப் பார்த்ததும் பயந்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ ஆசையாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"கதிரையில இரும் தம்பி. ஒப்பிட்டுப் பாக்காமல் நான் குத்த மாட்டன்."

"அங்கிள், பாதிக்கு மேல கறுப்புதான். என்னத்தை ஒப்பிடுவீங்க?" என்றேன்.

"கறுப்பெண்டாலும் அளவு ஒத்து வரோணும் பிள்ளை," என்று அடிமட்டத்தை, அதாவது ஸ்கேலை, எடுத்தார்.

ஒவ்வொரு கறுப்புக் கட்டத்தையும் அளந்தார். மூலத்தில் அளந்தார், நகலில் அளந்தார், தலையாட்டினார், குத்தினார். ஒன்றுமே தெரியாத பக்கத்தின் அடியில் 'மூலத்தின் உண்மை நகல்' என்று நீல முத்திரை விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மணி நேரம் போனதும் அழுகை வருவது போலிருந்தது. இந்த யோசனை யாருடையது என்று தம்பி கேட்காமலிருந்தது அவருடைய நல்ல மனசு.

கட்டின் கடைசிப் பகுதியில் அங்கிளின் அடிமட்டம் நின்றது.

"பிள்ளை, இந்தத் தண்ணி குடுத்த கதை முந்தியும் வந்ததெல்லோ?"

திரும்பப் புரட்டினார். அதே பக்கம்தான். கோப்பில் இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் மை பூசியிருக்க வேண்டும். இரண்டாமவருக்குக் கை கொஞ்சம் சோம்பல். "இதில கறுப்பு ரெண்டு வரி குறையுது," என்று அடிமட்டத்தால் காட்டினார் அங்கிள். திறந்து கிடந்த வரிகளில் ஆங்கிலத்தில் இருந்தது: ஒரு அண்ணன். வேனில் வந்தவர்கள் கொண்டு போனார்கள். திரும்பவில்லை.

தம்பி அதை வாய்க்குள் எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு மறுபடி வாசித்தார். அங்கிள் அந்தப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு தடவை முத்திரை குத்தினார். தம்பிக்கென்று இன்னொரு நகல் எடுக்கச் சொல்லி, அதிலும் இரண்டு குத்தினார்.

இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துக் குழுவுக்கு அனுப்பினோம். குழுவின் செயலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, முத்திரையெல்லாம் தேவையில்லை, இணையத்திலேயே ஏற்றியிருக்கலாம் என்று பணிவாகச் சொன்னார். நான் கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

விசாரணையை என் லேப்டாப்பில் பார்த்தோம். ஒரு செனட்டர் அம்மையார் இரண்டு காகிதங்களையும் உயர்த்திப் பிடித்தார். அங்கிளின் முத்திரை நாடாளுமன்றத்தில் நீலமாகத் தெரிந்தது. ஒரே பக்கம் ஓரிடத்தில் கறுப்பாகவும் ஓரிடத்தில் வெள்ளையாகவும் இருப்பது எப்படி என்று கேட்டார். எதிரே இருந்த அதிகாரி தண்ணீர் குடித்தார். கேள்வியைக் குறித்துக்கொண்டு எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார்.

பதில் வந்தது. தவறு நடந்தது உண்மைதான் என்று ஒத்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு வரிகளை மறைக்காமல் விட்டதுதான் தவறாம். இனி கவனமாக இருப்பார்களாம். போதாததற்கு, எங்கள் கடிதத்தைத் தன் இணையதளத்தில் போட்ட குழுவும், தனிப்பட்ட விவரம் என்று அதே இரண்டு வரிகளில் கறுப்புப் பூசியிருந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டினார்.

மேல்முறையீட்டில் அந்தப் பக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். அண்ணனைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டு, வழக்கைத் திரும்பப் பார்க்கச் சொல்லித் துறைக்கே அனுப்பினார்கள். கேட்டதும் ஃபிரிட்ஜில் இருந்த கேசரியைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தம்பி அந்தப் பக்கத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் இரண்டு முத்திரை குத்திய நகல்.

"அதான் வேலை முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்குப்பா அது?" என்றேன்.

"அண்ணாவின்ர படம் ஒண்டும் எங்களிட்ட இல்லை அக்கா. எல்லாம் வீட்டோட எரிஞ்சது," என்றார். "அவர் இருந்தவர் எண்டு எழுதியிருக்கிற பேப்பர் இது ஒண்டுதான்."