அமெரிக்கா யாரைப் பார்த்து வரைந்தது?

ஓவியக்கூடத்தில் காவல் நிற்பவர்களுக்குக் கால் வலிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் பெரிய வலி என்பது, அப்படி நின்று பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும்.

ஒஸ்லோவில் ஏழு வருஷமாக நான் காவல் காப்பது, பழைய நோர்வே ஓவியர் ஒருவரின் மலைகளையும் அருவிகளையும். இவருடைய படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போன அமெரிக்கர்கள்தான் பிறகு தங்கள் நாட்டு மலைகளைச் சுவரளவுக்கு வரைந்தார்கள்.

சீருடை

புயல் படத்தின் முன்னால் ஒரு அமெரிக்கர் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார், இந்த ஆள் எங்கள் ஓவியர்களை அப்படியே பிரதி பண்ணியிருக்கிறார் என்று. எனக்குப் பொறுக்கவில்லை. இவர் இதை வரைந்தபோது உங்கள் ஓவியர்கள் குழந்தைகள், அவர்கள்தான் கடல் கடந்து வந்து இவர் படங்களைப் பார்த்துக் கற்றார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மனிதர் என் முகத்தையும் சீருடையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நன்றி. கழிவறை எந்தப் பக்கம்?"

கலண்டர்

சென்னையிலிருந்து வந்த கணினிப் பொறியியலாளர் ஒருவர், என் பெயரட்டையைப் பார்த்ததும் தமிழில் தொடங்கினார். "என்னங்க, எல்லாம் காலண்டர் படம் மாதிரியே இருக்கு?"

"அந்தக் கலண்டர் படங்களுக்கே இவர்தான் தம்பி ஆரம்பம். அமெரிக்காக்காரர் இவரைப் பார்த்து வரைஞ்சவை. அதைப் பார்த்துத்தான் கலண்டர் வந்தது" என்றேன். கால்மணி நேரம் நின்று கதைத்தேன். அவரும் கவனமாகத் தலையாட்டினார். கடைசியில் கேட்டார்:

"அப்போ ஒரிஜினலைப் பார்க்கணும்னா அமெரிக்காதான் போகணும், இல்லீங்களா?"

விளக்க அட்டை

இது எங்கள் ஓவியக்கூடத்து ஆட்களே செய்த வேலை. அருவிப் படத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒட்டிய அட்டையில், 'அமெரிக்க ஓவியத்தின் தாக்கத்தில் வரையப்பட்டது' என்று இருந்தது. மேற்பார்வையாளரிடம் ஓடினேன். படங்களைப் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை, எழுத்தை அல்ல என்றாள். நூலகத்திலிருந்து இந்த ஓவியரைப் பற்றிய புத்தகம் எடுத்துவந்து, உரிய பக்கத்தில் அடையாளம் வைத்து அவள் மேசையில் வைத்தேன். ஒரு வாரம் கழித்து, திறக்காமலே திருப்பித் தந்தாள்.

அடுத்த மாதம் அட்டை மாறியது. பாஸ்டனிலிருந்து வந்துபோன அமெரிக்கர் ஒருவர் மின்னஞ்சலில் அதே பிழையைச் சுட்டியிருந்தாராம். ஊழியர் கூட்டத்தில் அவருக்குக் கைதட்டினார்கள். என் கை எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த துரொண்ட்ஹெய்ம் ஊர்க்காரி, ஏழு வருஷமும் என்னோடு சேர்ந்து காவல் நிற்பவள், மெல்லச் சொன்னாள்:

"நீ சொன்னால் அது முறைப்பாடு, அவர் எழுதினால் அது தகவல்."

இப்போது அந்த அட்டையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை ஒருவரும் வாசிப்பதில்லை.