ராகு காலத்தில் பிடுங்கிய பிளக்

போன வெள்ளிக்கிழமை காலை என் கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து, ‘தொடாதீர்கள்’ என்றது. வீட்டில் ஃபிரிட்ஜ் பக்கம் போனால் கேட்கிற வார்த்தைதான். ஆனால் கம்ப்யூட்டரே சொன்னால்?

கொழிஞ்சாம்பாறையில் நான் திருமணத் தகவல் மையம் நடத்துவது உங்களுக்குத் தெரியும். வட்டாரத்து ஜாதகங்கள் மொத்தமும் அந்த ஒரே பெட்டிக்குள். திரையில் ‘பராமரிப்பு நடக்கிறது’ என்று ஒரு பட்டை ஊர்கிறது. எதை அமுக்கினாலும் அசையவில்லை. வைரஸ்தான்... முடிவே கட்டிவிட்டேன். அப்புறம் என்ன — பிளக்கைப் பிடுங்கினேன்!

மறுபடி போட்டால், ‘தரவுத்தளம் சேதமடைந்துள்ளது’.

எதிரே டீக்கடையில் கோவிந்தாபுரம் பழனிச்சாமியும் அவர் மகளும் ராகு காலம் முடியக் காத்திருந்தார்கள். மகளுக்குப் பிடித்துப்போன ஒரு வரனின் ஜாதகம் வேண்டும். அன்றே ஜோசியரிடம் காட்டிவிட்டு, மாலை பஸ்ஸில் அவள் பெங்களூருக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். அடுத்த லீவு எப்போதோ! அவர்கள் உள்ளே வருமுன் எடுத்து வைக்கலாமே என்றுதான் என்றுமில்லாமல் அந்நேரத்தில் பெட்டியைத் தொட்டேன்; அந்த வரனைத்தான் பிளக்கோடு சேர்த்துப் பிடுங்கியிருந்தேன்.

சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த சித்தூர் பிரேமாவுக்குப் போன் போட்டேன்.

“பிளக்கைப் புடுங்குனீங்களாண்ணா?”

“லேசா...”

“லேசா எப்புடீங்ண்ணா புடுங்கறது? அது தானாச் சுத்தம் பண்ணிக்கிற நேரமுங்க. செட் பண்ணறப்பவே சொன்னனே!”

“பட்டப்பகல்லயா வெப்பே?”

“ராகு காலத்துல உங்க ஆபீஸ்ல யாருங்க ஜாதகத்தைத் தொடுவாங்க? அதான் அன்னன்னிக்கு ராகு காலத்துக்கே வெச்சிருக்கறேன்.”

“அப்ப ஜாதகமெல்லாம்...?”

“மொதல்ல முழுசா ஒரு காப்பி எடுத்து வெச்சுப்போட்டுத்தான் அது வெளக்குமாத்தையே தொடும். உங்க கையை எனக்குத் தெரியாதுங்களா? ‘மீட்டெடு’ன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்குங்க. அமுக்கிட்டுக் கையைக் கட்டிக்குங்க.”

அமுக்கினேன். கட்டிக்கொண்டேன். அத்தனை ஜாதகங்களும் வந்து உட்கார்ந்தன.

யோசித்துப் பாருங்கள்... ஊர்ப் பஞ்சாங்கத்தையும் என் கிறுக்குத்தனத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒருவர் வேலை செய்து வைத்திருக்கிறார். இதைவிட அக்கறையாக என்னை யார் புரிந்துகொண்டார்கள்? போனிலேயே கும்பிட்டேன். கை கட்டியிருந்ததால் மனசுக்குள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் பழனிச்சாமி உள்ளே வந்தார்.

“ஏனுங்க, மொகமெல்லாம் வேர்த்திருக்குது?”

“வெயிலுங்க.”

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

ஜாதகத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மகள் வாங்கிப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். “பொருத்தமெல்லாம் ஜோசியரு சொல்லுவாருங்க. வேற ஏதாச்சும் பாக்கோணுங்களா?”

“பதறாத பையனான்னு மட்டும் விசாரிச்சுக்கோ, அம்மிணி. கட்டத்துல அது தெரியாது.”