அப்பாவின் தனி டம்ளர்

மருத்துவக் கல்லூரியில் எனக்கு அது இரண்டாம் வருஷம். ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல். இருமினால் கைக்குட்டையால் வாயை மூட வேண்டும், எச்சில் பாத்திரத்தை வெந்நீரில் கழுவ வேண்டும், ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் வெளியே வந்ததும் ஒரே சோடா பாட்டிலை நாலு பேராக வாய் வைத்துக் குடித்தார்கள். நான் ஒருத்திதான் அத்தனை சட்டத்தையும் முதலியார்பேட்டை வீடுவரை சுமந்து வந்தவள். பாதி டாக்டர் ஆகிவிட்ட திமிர், வேறென்ன.

அப்பாவுக்கு மில்லில் பஞ்சு அடிக்கும் பகுதியில் வேலை. காலையில் மில் சங்கு ஊதுமுன் அம்மா ஒரு டம்ளர் காபி தருவாள். அப்பா பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டுவார். அடியில் சர்க்கரை கரையாமல் கிடக்கும். எனக்காகவே கலக்காமல் விடுவார். நான் நடக்கப் பழகிய நாளிலிருந்தே அப்படித்தான்.

காய்ச்சல் ஊரை விட்டுப் போயிற்று. அப்பாவின் இருமல் போகவில்லை. காசநோய்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஒரு நாள் காலை அவர் நீட்டிய டம்ளரை வாங்காமல், "இனிமே உனக்குத் தனி டம்ளர், தனித் தட்டுப்பா. இது தொத்திக்கும்" என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்த அப்பன ஒதுக்கி வெக்கத்தான் படிக்கிறியாடி?"

"வுடு. டாக்டரம்மா சொன்னா கேட்டுக்கணும்" என்று அப்பா சிரித்தார். மாறிப்போகக் கூடாதென்று அன்று சாயங்காலமே ஆணியால் தன் டம்ளரில் ஒரு கோடு கீறிக்கொண்டார்.

அவருக்கு லீவு கிடைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக இரண்டு மாதம் ஆயிற்று. சளியைச் சோதித்து, மார்பைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "கிருமி எதுவும் இல்ல. பஞ்சுத் தூசி. இது யாருக்கும் தொத்தாது. அவர் எங்க வேல செய்யறார்னு கொஞ்சம் யோசிச்சியாம்மா?"

தினமும் அவர் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தவள் நான். யோசிக்கவே இல்லை.

"தொத்தாதாம்ப்பா" என்று வழியிலேயே சொன்னேன். "நல்லதாப் போச்சு" என்றார். மறுநாள் காலை பக்கத்தில் போய் உட்கார்ந்து, டம்ளர் பாதியானதும் கையை நீட்டினேன்.

"வேணாம்மா. நாளைக்கு நாலு பேருக்கு வைத்தியம் பாக்கப் போறவ நீ. நமக்கு எதுக்கு வம்பு" என்று மீதியையும் குடித்துவிட்டு, தானே கழுவிக் கவிழ்த்தார். அழுதேன். சண்டை போட்டேன். அவருக்குக் கோபமே இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சமாதானம் செய்திருப்பேன். நான் முதலில் சொன்னதை அவர் நம்பிவிட்டார், அவ்வளவுதான்.

பிறகு எத்தனையோ பேருக்கு வாயை மூடி இருமச் சொல்லியிருக்கிறேன். அதில் தப்பே இல்லை. ஆனாலும் காலையில் காபியைக் கையில் எடுத்தால் அந்த எச்சில் காபிக்கு மனசு கிடந்து ஏங்குகிறது. கண்ணை மூடும்வரை அப்பா எனக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.