நங்கூரம் போடாத மூலை

புத்தூரைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். கடற்கரை ஊரான மயிலிட்டியை விட்டுக் காலையில் புறப்பட்டவர்கள், மதியம் திரும்பியும் கால் நிற்கவில்லை. சைக்கிளை நான் உருட்டினேன், அதன் கரியரில் ஒரு சாக்கு, சாக்குக்குள் ஒரு இரும்பு நங்கூரம். இந்த இடத்திலேயே சிலர் சிரித்துவிடுகிறார்கள், நீங்களும் சிரிக்கலாம். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், ஷெல் விழுந்து ஊரே ஓடுகிறது, அக்காவின் புருஷன், என் அத்தான், வீட்டுக்குள் திரும்ப ஓடிப்போய் எடுத்துவந்தவை வள்ளத்தின் பாய்ச்சீலை, இரண்டு துடுப்பு, ஒரு கட்டுக் கயிறு, இந்த நங்கூரம். அரிசிப் பானையை அடுப்படியிலேயே விட்டுவிட்டார்.

“இரவைக்கு நங்கூரத்தை அவிச்சுத் தருவார், எல்லாரும் தின்னலாம்” என்றாள் அக்கா. அவள் நெஞ்சோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்திருந்தது அவளுடைய பிள்ளையை.

“நீர் பேசாமல் நடவும். வள்ளம் இருந்தால்தான் அரிசி. நங்கூரம் இல்லாமல் வள்ளமோ?” என்றார் அத்தான்.

“வள்ளம் எங்கை?”

“கரையிலை கிடக்கு. ரெண்டு மூண்டு நாளிலை திரும்பிப் போகேக்கை வேணும்.”

அப்படித்தான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பேய் பிசாசு என்று யாராவது தொடங்கினால் எழுந்துபோகிற ஆள் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புத்தளத்தில் உப்பு அள்ளினேன், வவுனியாவில் லொறிக்கு மரம் ஏற்றினேன், படுக்க இடமில்லாத காலத்தில் சுடலை மடங்களில் படுத்தேன். அங்கே என்னைக் கடித்தது நுளம்பு மட்டும்தான். அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதென்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டுப் போகலாம் என்று மயிலிட்டிக்கு வந்த இடத்தில்தான் இந்த ஓட்டத்தில் அகப்பட்டேன்.

பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தது. என் இரண்டு உள்ளங்கையும் சேர்த்தால் அதில் அடங்கும். அதற்கு முந்தி ஒன்று பிறந்து தங்கவில்லை. தூசியும் காற்றும் இதற்கு ஆகாது, சளி கட்டினால் மூச்சு நின்றுவிடும் என்று மருத்துவிச்சி சொல்லியிருந்தாள், அக்கா வழி நெடுக அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அச்சுவேலிப் பக்கம் ஒரு கோயில் மடத்தில் சனம் நிறைந்திருந்தது. ஓர் ஓரத்தில் மூன்று பேருக்கு இடம் இருந்தது. மடத்துக்குப் பொறுப்பான பெரியவர் எங்களைக் கண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“உள்ளை வா பிள்ளை, ஏன் வெளியிலை நிக்கிறாய்?”

“துடக்கு இன்னும் கழியேல்லை ஐயா.”

“இந்த நேரத்திலை என்ன துடக்கு? முருகனுக்குத் தெரியாதே நீ ஏன் வந்தனி எண்டு? உள்ளை வா.”

அக்கா படியில் கால் வைக்கவில்லை. பிள்ளை பிறந்த துடக்கோடு கோயில் மடத்துக்குள் போகமாட்டேன் என்று நின்றுகொண்டாள். நான் கத்தினேன். உனக்கு விசரா, வெளியே பார், எங்கே கிடப்பது என்று கேட்டேன். “நாளைக்கு இவனுக்கு ஏதும் எண்டால் நான் ஆரைப் போய்க் கேக்கிறது?” என்றாள். அத்தான் முதல் ஆளாக றோட்டுக்குத் திரும்பினார். வல்வெட்டித்துறையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார், இருட்டுவதற்குள் அங்கே போய்விடலாம் என்று கணக்குப் போட்டு நடந்தோம். கணக்குப் பிழைத்தது. இருட்டுகிற மைம்மல் நேரம் வல்லை வெளி நடுவில் நின்றோம்.

வல்லை வெளியை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. மரம் இல்லை, வீடு இல்லை, ஒரு பக்கம் உப்புநீர், மற்றப் பக்கம் வெறும் தரை. சோளகக் காற்றுக் காலத்தில் சைக்கிளில் போகிறவனைக் காற்றே இறக்கி நடக்க வைக்கும். அந்த வெளியில் அது நின்றது, இது கூப்பிட்டது என்று கதைகளும் இருக்கின்றன. நான் அதுவரை எத்தனையோ முறை அதைக் கடந்திருக்கிறேன், சீட்டியடித்துக்கொண்டு.

அன்றைக்குக் காற்று தென்மேற்கிலிருந்து ஒரு கறுப்பு முகிலையும் தள்ளிக்கொண்டு வந்தது. மழை ஒரு துளி இல்லை, மண். உவர் மண் மாவாகக் கிளம்பிக் கண், மூக்கு, வாய் எல்லாம் ஏறியது. பிள்ளை ஒருமாதிரி இருமியது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அக்கா ஒரு மைல்கல்லடியில் குந்திவிட்டாள். “இனி ஏலாது தம்பி, இவனை மூடு, எப்படியெண்டாலும் மூடு.”

சைக்கிளில் இருந்த எல்லாவற்றையும் மைல்கல்லடியில் இறக்கினோம். றோட்டுக்குக் கீழே சற்றுப் பதிந்த இடம் ஒன்று இருந்தது, அங்கே பாய்ச்சீலையை இழுத்துக்கொண்டு ஓடினோம். ஒரு துடுப்பை நடுவில் நிறுத்தி அக்காவை அதன் அடியில் இருத்தினோம், அவள் ஒரு கையால் பிள்ளையையும் மறு கையால் துடுப்பையும் பிடித்தாள். மேலே பாய், நாலு மூலைக்கும் கயிறு. மற்றத் துடுப்பை முளையாக அடிக்கப் பார்த்தேன், நுனிகூட இறங்கவில்லை. மேலேதான் மாவு, கீழே தரை சீமெந்து மாதிரிக் காய்ந்து கிடந்தது.

“முளை வேண்டாம்!” என்று அத்தான் கத்தினார். “காத்துப் பக்கம் நீ ஒண்டு, நான் ஒண்டு. அங்காலை சைக்கிள் ஒண்டு, நங்கூரம் ஒண்டு!”

சைக்கிளை நான் கீழே உருட்டிவந்து படுக்கப்போட்டு அதன் சட்டத்தில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டு என் மூலைக்கு ஓடினேன். நங்கூரத்தை அவர் போட்டிருப்பார் என்று நினைத்தேன்.

பிறகு வந்ததைக் காற்று என்று சொன்னால் போதாது. பாய் ஒரு வெடியோடு மேலெழும்பியது, கயிறு என்னை இரண்டு பாகம் தூரம், கிட்டத்தட்டப் பன்னிரண்டு அடி, இழுத்துக்கொண்டு போனது. நான் நிலத்துக்காரன், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு முழுப்பலத்தோடு பின்னால் சாய்ந்தேன்.

“கையிலை சுத்தாதை மச்சான், விரல் போகும்! இடுப்பாலை பிடி! காத்தோடை மல்லுக்கட்டாதை! அது கேக்கேக்கை குடு, மூச்சு விடேக்கை வாங்கு!”

காற்று இழுக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் விடுவது, தளரும்போது வாங்குவது, கடலில் பாய்க்கயிறு பிடிக்கிறவர்களின் முறை அது. இறுக்கிக் கட்டினால் பாய் கிழியும், இல்லையென்றால் வள்ளம் கவிழும். கையில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் எனக்கும் பிடிபட்டது. கண்ணைத் திறக்க முடியாது, மூன்று பாகத்துக்கு அப்பால் நின்ற அத்தானின் உருவம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. ஆனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தால் மற்ற மூலைகளில் என்ன நடக்கிறதென்று கைக்குத் தெரியும், இதை நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. அத்தானின் மூலை தெரிந்தது. சைக்கிள் மூலை தெரிந்தது, செத்த பாரம், காற்று இழுத்தால் தரையில் உரசி அசையும், பிறகு அப்படியே கிடக்கும். நாலாவது மூலை குடுத்து வாங்கியது. காற்று கேட்க இளகியது, காற்று விட இறுகியது, என்னைவிட அழகாக, அத்தானைவிடவும் அழகாக. நல்ல நங்கூரம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என் மூளை அவ்வளவுதான் வேலை செய்தது.

பிள்ளையின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது, அது கேட்கும்வரை பிடிப்பேன் என்று எனக்குள் ஒரு முடிவு. உள்ளங்கைத் தோல் உரிந்து கயிறு வழுக்கத் தொடங்கியது, உடுத்திருந்த சாரத்தின் தொங்கலைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு பிடித்தேன். திடீரென்று அழுகை நின்றுவிட்டது.

“அக்கா!”

இன்னொரு முறை கத்தினேன். வாய் நிறைய மண். கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடலாமா என்று கால் ஒரு முறை முன்னால் போனது, போனால் பாய் போய்விடும், பாய் போனால் பிள்ளை போய்விடும்.

“பால் குடிக்கிறான்ரா! பிடி! விட்டியோ கொல்லுவன்!” என்று பாய்க்கடியிலிருந்து அக்கா கத்தினாள்.

பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, இருட்டி நெடுநேரம் ஆகியிருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் காற்றுத் தணிந்து பாய் மெல்ல இறங்கி அக்காவின் மேல் படிந்தது. நானும் அத்தானும் பாயின் விளிம்புகளில் குறுக்கே விழுந்து கிடந்தோம், அதுதான் அன்றைய படுக்கை.

விடிந்தபோது பிள்ளை மூக்கைச் சுருக்கித் தும்மியது. அக்கா சிரித்தாள். அவள் முகம் முழுக்க மண், பல் மட்டும் வெள்ளை. அத்தான் பாயை மடிக்கத் தொடங்கினார்.

“மச்சான், நங்கூரத்தைக் கழட்டிக்கொண்டு வா.”

“நீங்கள்தானே போட்டனீங்கள், நீங்களே கழட்டுங்கோ. என்ரை கையைப் பாருங்கோ.”

“நான் எங்கை போட்டனான்? உன்னையெல்லோ போடச் சொன்னனான்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மேலே றோட்டோரம், மைல்கல்லடியில், நேற்று இறக்கி வைத்த இடத்தில் சாக்கு இருந்தது. போய்ப் பார்த்தேன். சாக்கின் வாய் அக்கா கட்டிய முடிச்சோடு அப்படியே இருந்தது, நங்கூரம் உள்ளே.

நாலாவது மூலைக் கயிறு தரையில் நீளக் கிடந்தது. அதன் முனை எதிலும் கட்டப்படவில்லை.

“ரெண்டு பேருக்கும் என்ன?” என்றாள் அக்கா. “அந்த மூலையிலை தம்பியெல்லோ நிண்டவன்.”

“நான் இந்தப் பக்கம், அக்கா. காத்துப் பக்கம்.”

“சும்மா கதைக்காதை. பாய் கிளம்பேக்கையெல்லாம் உன்ரை காலைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். குதிக்காலை ஊண்டிக்கொண்டு நிண்டாய்.”

கயிற்று முனைக்குப் பக்கத்தில், என் முளை இறங்காத அந்தத் தரையில், இரண்டு குழி இருந்தது. பக்கத்தில் பக்கத்தில், குதிக்கால் அளவில், என் பெருவிரல் முழுதாக இறங்கும் ஆழம். முந்தைய நாள் அங்கே இருந்ததா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. என் காலை வைத்துப் பார்த்தேன். என் குதிக்கால் அதைவிடப் பெரிது.

அத்தான் அந்தக் கயிற்றைத் தொடாமல் நின்றார். அக்காதான் குனிந்து எடுத்துச் சுருட்டி என் தோளில் போட்டாள். “ஆரெண்டாலும் பிள்ளையைக் காத்தது. இனி இதைப் பற்றி ஒரு கதையும் வேண்டாம். நடவுங்கோ, வெயில் ஏறமுந்திப் போய்ச் சேரவேணும்.”

வல்வெட்டித்துறைக் கரையை அடைந்தபோது அத்தானுக்குத் தெரிந்தவர் ஒரு பெரிய வள்ளத்தைக் கரையிலிருந்து மேலே பூவரச மரங்களுக்குள் இழுத்துவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார். வள்ளக் கொட்டிலில் ஒரு பக்கம் எங்களுக்குத் தருவதாகவும், இழுக்கிறவனுக்குச் சோறும் மீனும் என்றும் சொன்னார். அக்காவையும் பிள்ளையையும் கொட்டிலுக்குள் இருத்திவிட்டு நான் முன்னால் போய் நின்றேன்.

“உவனோ? உவன் காத்தடிச்சால் பறந்திடுவான்” என்றான் கயிற்றில் நின்ற ஒருவன்.

“நேற்று அடிச்சது. பறக்கேல்லை” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வள்ளக்காரர் என் கைகளைப் பார்த்துவிட்டு, “சரி, கடைசியிலை நில்” என்றார். துணியைக் கைகளில் சுற்றிக்கொண்டு வரிசையின் கடைசியில் கயிற்றைப் பிடித்தேன். எனக்குப் பின்னால் மிச்சக் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் மணலில் சுருண்டு கிடந்தது, அதை நான் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் முன்னால் திரும்பினேன்.

முன்னால் நின்றவர் குரல் கொடுக்க எல்லோரும் சாய்ந்தோம். வள்ளம் அசைந்தது. அப்போது என் இடுப்புக்குப் பின்னால் கயிறு மணலைவிட்டு எழும்பி இறுகியது. வள்ளம் கேட்க இளகியது, வள்ளம் விட வாங்கியது. எனக்கு முன்னால் நின்றவன், “அட, கடைசி ஆள் சோடையில்லை, நல்லாத்தான் பிடிக்கிறான்” என்றான்.

இன்றைக்கும் ஒரு கயிற்றின் கடைசியில் நிற்கச் சொன்னால் எனக்குப் பிடரி குளிரும். அன்றைக்குக் கொட்டிலுக்குள் பிள்ளை அழுதுகொண்டிருந்தது, சோறு வெந்துகொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இழுத்தேன்.