பதில் வரும்வரை மைக்கை வைக்காத அக்கா

என் மேசைமேல் இருக்கும் மைக்கின் வலைத்தலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. கட்டைவிரலை வைத்தால் சரியாக உட்காரும். கீழே விழுந்து வந்த பள்ளம் இல்லை. பதில் சொல்லாத வள்ளக்காரர்கள்மேல் வந்த கோபத்தில் அக்கா மேசையில் தட்டித் தட்டியே உண்டாக்கியது. டொக், டொக் என்று அந்தச் சத்தம் ஒலிபெருக்கி வழியாகக் கரை முழுக்கக் கேட்கும். வலைக்குவியல்மேல் படுத்திருக்கும் நாய்கள்கூட எழுந்து உட்காரும். இப்போது காலையில் நான் இந்த மைக்கை எடுக்கும்போது விரல் தானாக அந்தப் பள்ளத்துக்குப் போகிறது. உடனே எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை வருஷம் ஆகியும் இன்னுமா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். இன்னும்தான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. துறைமுகத்துக் கிரேன்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிற எங்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவள். நான் அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தவள். நாசரேத்துப் பக்கத்துப் பனங்காட்டுக்காரி. கடலில் கால் நனைத்ததோடு சரி. கரையில் அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். வள்ளங்கள் கடலில் இறங்கும் முன்பு, இருட்டு பிரியாத காலையிலேயே சங்கத்துக்கு வந்துவிடுவாள். வானிலைப் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் பார்ப்பாள். காற்று எப்படி, அலை எப்படி, போகலாமா கூடாதா என்று மைக்கில் சொல்வாள். அதோடு முடித்துக்கொண்டால் அவள் அக்கா இல்லை. ஒவ்வொரு வள்ளத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "சூசையப்பர் வள்ளம், கேட்டுச்சாலே?" கரையிலிருந்து "கேட்டுச்சுக்கா" என்று குரல் வந்த பிறகுதான் அடுத்த வள்ளம். வராவிட்டால் மைக்கில் டொக், டொக். "ஏலே, காதுல ஐஸ்கட்டியா வச்சிருக்க? வாயத் தொறந்து சொல்லுலே."

வேண்டுமென்றே வாய் திறக்காத ஒருவன் உண்டு. அவளுடைய தம்பி. அந்தோணியார் வள்ளம் அவனுடையது. அக்கா எப்படியும் விடமாட்டாள் என்று தெரிந்தே, வலையை மடித்துக்கொண்டு தலை நிமிராமல் நிற்பான். கரையே சிரிக்கும். நாலைந்து முறை மைக் தட்டிய பிறகு தோளில் கிடக்கும் துண்டைத் தூக்கி ஆட்டி, "கேட்டுச்சு தாயே, ஆள விடு!" என்று கத்துவான். அந்தப் பள்ளத்தில் பாதிக்குமேல் அவன் கணக்குத்தான்.

வானிலைப் பக்கங்களைத் தேடித் திறப்பதில் அக்காவுக்கு நேரம் போனது. காற்றுக்கு ஒரு பக்கம், அலைக்கு ஒரு பக்கம், எச்சரிக்கைக்கு இன்னொன்று. விரல் ஒன்றால் முகவரியை அடிப்பாள். ஓர் எழுத்து தப்பினால் முதலிலிருந்து. அதைப் பார்த்துத்தான் நான் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. குறித்த நேரத்தில் அது பிரவுசரை எழுப்பி, இந்தப் பக்கங்களைத் திற என்று சொல்லும். பக்கங்கள் வரிசையாகத் திறந்துகொள்ளும். முதல் நாள் அக்கா கைதட்டினாள். இரண்டாம் நாள் யோசனையோடு என் பக்கம் திரும்பினாள். "ஏளா, இது தொறந்து வச்சிரும், சரி. நான் ஒருநாள் வரலன்னு வையி. யாராவது பாத்தாவளா இல்லியான்னு இதுக்குத் தெரியுமா?"

தெரியாது. அது மட்டுமில்லை, பக்கம் உண்மையிலேயே வந்ததா என்பதுகூட அதற்குத் தெரியாது. அக்காவுக்குப் புரியும்படி சொன்னேன். ஓட்டலில் சர்வரிடம் காப்பி கேட்கிறோம். சரி என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தச் சரியோடு என் புரோகிராமின் வேலை முடிந்தது. காப்பி மேசைக்கு வந்ததா, பால் தீர்ந்துபோனதா என்று அது எட்டிப் பார்க்காது. பிரவுசர் சரி என்று சொன்னதும், பக்கம் திறக்கப்பட்டது என்று தானாக எழுதி வைத்துக்கொள்ளும். அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்பம் அதையும் நம்மள மாதிரி பதில் கேக்க வையி" என்றாள். வைத்தேன். பக்கங்கள் திறந்த பிறகு திரையின் நடுவில் ஒரு பெட்டி வரும். 'படித்தாயிற்று' என்ற பொத்தானை யாராவது ஓர் ஆள் அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் அழுத்தாவிட்டால் ஸ்பீக்கரில் மணி அடிக்க ஆரம்பித்து, ஆள் வரும்வரை நிற்காது. என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே உருப்படியான வேலை அந்தப் பெட்டிதான்.

பிறகு வந்தார் திட்ட அதிகாரி. மேலிடத்திலிருந்து வந்தவர்; மடிப்புக் கலையாத சட்டை, மீன் வாடைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே பேசும் பழக்கம். என் புரோகிராமைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துப்போனது. ஏலக்கூடத்தில் பெரிய டிவி ஒன்றை மாட்டி, பக்கங்களை அதில் திறக்க வைத்தார். திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். பூச்செண்டு, போட்டோ எல்லாம் உண்டு. போட்டோ எடுக்கும் நேரம் பார்த்து திரையின் நடுவில் என் பெட்டி வந்து நின்றது. அழுத்த ஆள் இல்லாமல் மணியும் அடித்தது. அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்த பாக்ஸை எடுத்துடும்மா, டிஸ்ப்ளே அசிங்கமா இருக்கு" என்றார். முடியாது என்றேன். அவர் மறுநாளே தன் ஆள் ஒருவனைக் கூட்டிவந்து அதை எடுக்க வைத்தார். அதோடு விடவில்லை. ஒரே தகவல் டிவியிலும் மைக்கிலும் வந்தால் குழப்பமாம். மைக் வேண்டாம் என்று உத்தரவு. அக்காவை ஐஸ் ரசீது போடும் மேசைக்கு மாற்றினார். வெயில் ஏறிய பிறகு வந்தால் போதுமாம்.

அக்கா சண்டை போட்டாள். நானும் போட்டேன். "சார், டிவி காட்டும். பாத்தியா, வெளங்குச்சான்னு அது திருப்பிக் கேக்குமா?" என்றாள் அவள். அதிகாரி சிரித்தார். "அவங்க என்ன ஸ்கூல் பிள்ளைங்களா, பேர் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்க?" அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தெரியாமல் செய்கிறவன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சொல்லிய பிறகும் சிரிக்கிறவன்மேல் வருகிறது.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை எச்சரிக்கை வந்திருந்தது. மன்னார் வளைகுடாவில் பலத்த சூறைக்காற்று, யாரும் இறங்க வேண்டாம் என்று வானிலைப் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். எங்கள் சங்கத்தில் அப்போது இணைய இணைப்பு இல்லை. சாலை தோண்டியதில் கேபிள் அறுந்து கிடந்தது. என் புரோகிராம் நேரம் தவறாமல் எழுந்தது. பிரவுசரைக் கூப்பிட்டது. பிரவுசர் சரி என்றது. டிவியில் வந்தது வானிலை இல்லை. இணைப்பு இல்லை என்பதற்குப் பிரவுசர் காட்டும் அந்தக் குட்டி டைனோசர் படம். வள்ளக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறார்கள். "டிவில ஓணான் படம் போட்டுருக்கான்" என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்களாம். வள்ளத்தில் போகிறவர்கள் உப்புத்தண்ணீருக்குப் பயந்து போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள். போகாதே என்று சொல்ல மைக்கும் இல்லை; டிவியிலும் எச்சரிக்கை இல்லாததால் பயப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்து இறங்கினார்கள்.

நான் வேலைக்கு வந்தபோது காற்று ஏலக்கூடத்துத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. டைனோசர் அப்படியே நின்றது. மதியத்துக்குள் மற்ற வள்ளங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அரை உயிராகக் கரை சேர்ந்தன. அந்தோணியார் வள்ளம் மறுநாள் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. தம்பி வரவே இல்லை. அடக்கம் செய்ய உடல்கூடக் கொடுக்கவில்லை இந்தக் கடல்.

சங்கத்திலேயே விசாரணை நடந்தது. மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். திட்ட அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பி, என் புரோகிராம் எழுதி வைத்திருந்த வரியைக் காட்டினார். பக்கம் திறக்கப்பட்டது, சரி. "எங்க சைடுல இன்ஃபர்மேஷன் குடுத்திருக்கோம் சார். அவங்க பார்க்கலைன்னா நாம என்ன பண்ண முடியும்?" நான் எழுந்து காப்பிக் கதையை அவர்களுக்கும் சொன்னேன். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம், அந்தப் பெட்டியை எடுக்கச் சொன்னது யார் என்று சொன்னேன். டெக்னிக்கல் விஷயம், தனியே எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

அப்போதுதான் அக்கா எழுந்தாள். தம்பிக்காகக் கட்டிய கறுப்புச் சேலை. மூலையில் தூசி படிந்து கிடந்த மைக்கை எடுத்து, ஸ்விட்சைப் போட்டாள். "அந்தோணியார் வள்ளம், கேட்டுச்சாலே?" என்றாள். கரை முழுக்க அந்தக் குரல் போனது. ஏலக்கூடத்தில் விலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா காத்திருந்தாள். டொக், டொக் என்று தட்டினாள். மறுபடியும் கூப்பிட்டாள். வந்தவர்களில் ஒருவர் நெளிந்துகொண்டு, "அம்மா, போதும், உட்காருங்க" என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. திட்ட அதிகாரியைப் பார்த்துத்தான் சொன்னாள். "பதில் வரட்டும் சார். பதில் வராம நான் மைக்க வச்சதே இல்ல."

கடைசியில் நான்தான் போய் அவள் கையிலிருந்து அதை வாங்கினேன். அன்றிலிருந்து அது என்னிடம் இருக்கிறது. யாரையும் கேட்காமல் மறுநாள் காலையே நான் மைக்கில் படிக்க ஆரம்பித்தேன். தடுக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அக்கா ஸ்ரீவைகுண்டத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஆறும் வயலும்தான். கடல் கண்ணில் படாது. சில நாள் காலையில் போன் செய்வாள். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "ஏளா, எல்லாரும் பதில் சொன்னாவளா?" என்று கேட்பாள். சொன்னார்கள் என்பேன். சரி என்று வைத்துவிடுவாள்.

அதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. பதவி உயர்வு வந்தது. போன வாரம் அவரே என்னை அழைத்தார். கடற்கரை ஊர்கள் எல்லாவற்றுக்கும் டிவி வைக்கப் போகிறார்களாம். என் புரோகிராம் வேண்டுமாம். ஏற்கெனவே அவர் அலுவலகத்திலிருந்து கேட்டிருந்ததால், நான் நீளமாக ஒரு மெயில் அனுப்பி வைத்திருந்தேன். அந்தக் காலை என்ன நடந்தது, பெட்டி ஏன் வேண்டும், ஆள் ஒருவர் அழுத்தாமல் மணி ஏன் நிற்கக் கூடாது, அது இல்லாமல் நான் தரமாட்டேன் என்பதையெல்லாம் அதில் எழுதியிருந்தேன். தம்பியைப் பற்றியும் எழுதியிருந்தேன். அதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் தொடவில்லை. "பழைய வெர்ஷனே போதும்மா, அந்த பாக்ஸ் எல்லாம் வேண்டாம்" என்றார்.

"நான் அனுப்பின மெயிலப் படிச்சீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ஓபன் பண்ணிட்டேம்மா."

"படிச்சீங்களா சார்?"

"ஓபன் பண்ணிட்டேன்னு சொல்றேன்ல."

போனை வைத்துவிட்டேன். மைக் பக்கத்திலேயே இருந்தது. எடுத்து மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். ஸ்விட்ச் போட்டிருந்தது எனக்குத் தெரியாது. டொக் என்று கரை முழுக்கக் கேட்டிருக்கிறது. வெளியே எங்கோ வலை மடித்துக்கொண்டிருந்த ஒருவர், என்ன ஏது என்று தெரியாமலே, "கேட்டுச்சுக்கா" என்று கத்தினார்.